பிரான்சின் ஊர்ப்புறச் சாலைகளில் அமைதியாக மிதிவண்டி ஓட்ட விரும்புவோர் கேட்கும் கேள்விகள்

பாரிஸைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழும் நம்மவர்களும், கோடை விடுமுறையில் அவர்களைப் பார்க்க வரும் உறவினர்களும் என்னிடம் மிதிவண்டிப் பயணம் பற்றிக் கேட்டால், வண்டியே வராத ஊர்ப்புறச் சாலைகளில் ஓட்டுங்கள் என்பேன். அதன் மேல் அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நடு பிரான்சின் க்ரூஸ், லோசேர் ஆகிய இரண்டு மாவட்டங்களைச் சேர்ந்தவை.

வண்டியே வராத ரோடு என்கிறீர்களே, அது சைக்கிளுக்கென்று தனியாகப் போட்ட பாதையா?

இல்லை. அப்படிப்பட்ட தனிப்பாதைகளும் பிரான்சில் உண்டு. கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மீது புர்கோஞ் பகுதியில் ஜிவ்ரி முதல் க்ளூனி வரை 1997இல் திறக்கப்பட்ட 'வுவா வேர்த்', அதாவது பசுமைப் பாதை, அவற்றுள் முன்னோடியானது. லுவார் ஆற்றையொட்டி ஏறத்தாழ 900 கிலோமீட்டர் செல்லும் வழியும் புகழ்பெற்றது. சிறு குழந்தைகளோடு செல்வோருக்கு இவற்றைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் அங்கே கார்கள் இல்லாவிட்டாலும் கூட்டம் இருக்கும். ஆற்றையோ கால்வாயையோ தடத்தையோ விட்டு விலகாத வழி என்பதால் நாட்டின் ஒரு முகம் மட்டுமே கண்ணில் படும்.

நான் சொல்வது எல்லா வாகனங்களுக்கும் திறந்திருக்கும் சாதாரணத் தார்ச்சாலைகளை. ஒரு சிற்றூரை அடுத்த சிற்றூரோடு இணைப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை இல்லை. ஆகவே அந்த ஊர்க்காரர், தபால் வண்டி, டிராக்டர் தவிர வேறு யாருக்கும் அங்கே வரக் காரணமில்லை. வண்டியே வராது என்பதைவிட, வண்டி வருவது ஒரு நிகழ்ச்சியாகத் தோன்றும் சாலை என்பதே சரி.

ஆளே இல்லாத இடத்தில் எதற்கு இவ்வளவு ரோடு போட்டு வைத்திருக்கிறார்கள்?

ரோடு போட்ட காலத்தில் ஆட்கள் இருந்தார்கள். 1836ஆம் ஆண்டு மே 21ஆம் தேதியிட்ட சட்டம், ஊருக்கு ஊர் செல்லும் பாதைகளைப் பராமரிக்கும் கடமையைக் கொம்யூன்கள் எனப்படும் ஊராட்சிகளின் மீது சுமத்தியது. இன்றும் பிரான்சில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. அவற்றுள் பல, சில நூறு பேர் மட்டும் வாழ்பவை. ஒவ்வொன்றும் தன் அண்டை ஊர்கள் அனைத்தோடும் இணைந்திருக்கிறது. கொம்யூன் சாலைகள் மட்டும் சுமார் 7 லட்சம் கிலோமீட்டர். 'டி' என்ற எழுத்தோடு எண் இடப்பட்ட மாவட்டச் சாலைகள் சுமார் 3.8 லட்சம் கிலோமீட்டர். அதிவேக நெடுஞ்சாலைகளும் தேசியச் சாலைகளும் சேர்ந்து இருபதாயிரத்துச் சொச்சம்தான் என்றாலும், நீண்ட தூரம் செல்லும் வாகனங்களில் பெரும்பகுதியை அவையே இழுத்துக்கொள்கின்றன.

மக்கள் வெளியேறிய பிறகும் சாலைகள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. க்ரூஸ் மாவட்டத்தில் 1851இல் சுமார் 2,87,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று சுமார் 1,15,000 பேர். அந்த மண்ணின் கொத்தனார்கள் ஆண்டுதோறும் பாரிஸுக்கு நடந்து சென்று, நாம் இன்று வியந்து பார்க்கும் கட்டடங்களில் பலவற்றைக் கட்டினார்கள். பிறகு மெல்ல மெல்ல அங்கேயே தங்கிவிட்டார்கள். லோசேர் மாவட்டத்தில் இன்று சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 15 பேர்தான். நமக்குக் கிடைக்கும் அமைதி ஒரு நாட்டுப்புறம் காலியானதால் வந்தது என்பதை அங்கே போகும்போது மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கடையும் மருத்துவரும் பேருந்தும் ஏன் இல்லை என்ற கேள்விக்கும் அதுவே விடை.

எந்தப் பக்கம் போனால் இப்படிப்பட்ட ரோடு கிடைக்கும்?

வடகிழக்கில் மேஸ் மாவட்டத்திலிருந்து தென்மேற்கில் லாந்த் மாவட்டம் வரை வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தால், அதன் இருபுறமும் மக்கள் அடர்த்தி குறைந்த பட்டை ஒன்று செல்வதைக் காணலாம். 'வெற்று மூலைவிட்டம்' என்றே பிரெஞ்சுக்காரர்கள் அதை அழைக்கிறார்கள். மோர்வான் காடுகள், க்ரூஸ், மில்வாஷ் மேட்டுநிலம், ஓப்ராக், லோசேர் எல்லாம் அந்தப் பட்டையில் வருபவை. முதன்முறை செல்வோருக்கு க்ரூஸ் நல்லது: பாரிஸிலிருந்து ரயிலில் போய்விடலாம், மேடுகள் குட்டையானவை, சுற்றுலாக் கூட்டம் குறைவு. தொர்தோஞ் ஆற்றங்கரையும் தார்ன் பள்ளத்தாக்கின் அடிச்சாலையும் பேரழகு வாய்ந்தவை என்றாலும் ஜூலை, ஆகஸ்டில் கார் வரிசை நகரும் இடங்கள். அதே தார்ன் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஏறி, கோஸ் மெழான் என்ற சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்துக்குப் போய்விட்டால் மீண்டும் காற்றின் ஒலி மட்டும்தான்.

மேப்பைப் பார்த்து எந்த ரோடு அமைதியானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மிஷ்லின் காகித வரைபடம் இதற்கு இன்றும் மிகவும் பயன்படுகிறது. பெருஞ்சாலைகள் சிவப்பிலும், இடைநிலைச் சாலைகள் மஞ்சளிலும், மற்றவை வெள்ளையிலும் அச்சிடப்பட்டிருக்கும். நமக்கு வேண்டியது வெள்ளை. 1:1,50,000 அளவுள்ள தாளில் ஒரு சென்டிமீட்டர் ஒன்றரை கிலோமீட்டர் என்பதால், ஒரு தாளை விரித்தால் பல நாள் ஓட்டத்துக்கான நிலப்பரப்பு கண்முன் இருக்கும். பச்சை ஓரம் தீட்டப்பட்ட சாலை கண்ணுக்கினியது என்பது பொருளே தவிர, அமைதியானது என்பது பொருளல்ல. அழகைத் தேடி மற்றவர்களும் அங்கேதான் வருவார்கள். சாலையின் குறுக்கே அம்புத்தலை போன்ற குறிகள் இருந்தால் ஏற்றம்: ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீதம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் 13 சதவீதத்துக்கு மேல்.

நிறத்தை அந்தந்த இடத்துக்கு ஏற்பப் புரிந்துகொள்ள வேண்டும். க்ரூஸில் மஞ்சள் சாலையில்கூட அமைதியாக ஓட்டலாம். துலூஸ் நகரை ஒட்டிய வெள்ளைச் சாலையில் காலை எட்டு மணிக்கு வேலைக்குச் செல்வோரின் வரிசை நிற்கும். வெள்ளைச் சாலை ஒன்று இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவே குறுக்குவழியாக அமைந்திருந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். வளைந்து வளைந்து, எல்லாச் சிற்றூரிலும் நுழைந்து செல்லும் சாலையை நம்பலாம்.

"வண்டி குறைவு" என்றால் எத்தனை வண்டி? ஒரு கணக்கு சொல்லுங்கள்.

மாவட்ட நிர்வாகங்கள் பல, தங்கள் சாலைகளில் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை வாகனங்கள் செல்கின்றன என்ற வரைபடத்தை வெளியிடுகின்றன. அந்த எண்ணை நம் அனுபவமாக மாற்றிப் பார்க்கலாம். நாளுக்கு 200 வாகனங்கள் என்றால், எல்லாமே பகல் 12 மணி நேரத்தில் வருவதாகக் கொண்டாலும் மணிக்கு 17, நம் திசையில் 8 அல்லது 9. நாமும் நகர்ந்துகொண்டிருக்கிறோம், கார் 80 கிலோமீட்டர் வேகத்திலும் நாம் 20 கிலோமீட்டர் வேகத்திலும் சென்றால், அவற்றில் முக்கால் பங்குதான் நம்மைத் தாண்டும். அதாவது மணிக்கு ஆறு, பத்து நிமிடத்துக்கு ஒன்று.

அதே கணக்கில் நாளுக்கு 500 வாகனங்கள் என்றால் ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒன்று. 5,000 என்றால் 23 விநாடிக்கு ஒன்று. ஐந்நூறு வரை உரையாடிக்கொண்டே ஓட்டலாம். ஆயிரத்தைத் தாண்டினால் காது எப்போதும் பின்னாலேயே இருக்கும். ஐயாயிரத்தில் நிலக்காட்சி இருந்தும் பயனில்லை.

போனில் ஆப் இருக்கும்போது இந்தக் காகித மேப் எல்லாம் தேவையா?

இரண்டும் தேவை. வழிகாட்டும் செயலி திருப்பங்களைச் சொல்வதில் சிறந்தது. ஆனால் மிகக் குறுகிய வழியைத் தேடும்போது பண்ணை வழியாகச் செல்லும் மண்பாதையில் நம்மை இறக்கிவிடும், அல்லது இரண்டு கிலோமீட்டரை மிச்சப்படுத்துவதற்காகப் பரபரப்பான சாலையில் ஏற்றிவிடும். 'ஷ்மான் ரூரால்' என்று குறிக்கப்பட்ட பாதைகள் பெரும்பாலும் தார் போடாதவை என்பதை நினைவில் வையுங்கள். முதல் நாள் இரவு காகித வரைபடத்தில் வழியைத் தீர்மானித்து, அதையே செயலியில் புள்ளிக்குப் புள்ளி வரைந்துகொள்வதே என் வழக்கம். பள்ளத்தாக்குகளில் கைபேசிச் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டிலும் மேலே சொன்ன வெள்ளைச் சாலைகள் காலியாகத்தான் இருக்கும். வெயிலும் தங்குமிடங்களின் நெருக்கடியும்தான் தொல்லை. அறுவடைக் காலத்தில் சாலையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு அறுவடை இயந்திரம் வந்தால், ஓரத்துப் புல்லில் இறங்கி நின்று அதற்கு வழிவிடுவதே மரியாதை. லோசேர் மலையில் 1,541 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபினியேல் கணவாயைக் குளிர்காலத்தில் பனி மூடிவிடும்.

நேரம் என்றால் நண்பகல். பன்னிரண்டு மணி முதல் ஒன்றரை வரை நாடே சாப்பாட்டு மேசையில் இருக்கும். அப்போது பெரிய சாலைகள்கூட அடங்கிவிடும். ஏதாவது ஒரு பரபரப்பான துண்டைக் கடந்தே ஆகவேண்டுமென்றால், அதை இந்த நேரத்தில் கடக்கும்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் கட்டாயமா? வேறு என்னென்ன சட்டம் தெரிந்திருக்க வேண்டும்?

12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 2017 மார்ச் 22 முதல் தலைக்கவசம் கட்டாயம். பெரியவர்களுக்குச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, நான் கட்டாயப்படுத்துவேன். ஊர் எல்லைக்கு வெளியே இரவிலும் பார்வை மங்கிய வேளையிலும் ஒளி எதிரொளிக்கும் மேற்சட்டை 2008 முதல் கட்டாயம். காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு ஓட்டுவது 2015 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பின்னால் வரும் ஒரே காரைக் காதால்தான் அறிகிறோம் என்பதால் இந்தச் சாலைகளில் அது மிகவும் பொருத்தமான சட்டம். இருவர் இணையாக ஓட்டலாம்; பின்னால் வரும் வாகனம் தாண்ட விரும்பினாலும் இருட்டினாலும் ஒருவர் பின் ஒருவராகிவிட வேண்டும். உங்களைத் தாண்டும் வாகனம் ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர், ஊருக்குள் ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும்.

அதிவேக நெடுஞ்சாலைகளிலும், நீலச் சதுரத்தில் வெள்ளைக் கார் வரைந்த பலகை உள்ள விரைவுச் சாலைகளிலும் மிதிவண்டிக்கு அனுமதியில்லை.

வலது பக்கம் முன்னுரிமை என்கிறார்களே, அது எனக்குப் புரியவே இல்லை.

சந்திப்பில் எந்தப் பலகையும் சாலைக் கோடும் இல்லையென்றால், உங்கள் வலப்புறமிருந்து வருபவருக்கு நீங்கள் வழிவிட வேண்டும். அவர் வருவது சிறு சந்தாக இருந்தாலும், நீங்கள் செல்வது அகலமான தெருவாக இருந்தாலும் சரி. வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அதன் மேல் கறுப்புக் கோடு அடித்திருந்தால் அது முடிந்துவிட்டது. முக்கோணத்துக்குள் பெருக்கல் குறி இருந்தால், அடுத்த சந்திப்பில் வலப்புற விதி நடப்பில் உள்ளது. தார் போடாத பாதையிலிருந்தோ வீட்டு வளாகத்திலிருந்தோ வெளிவருபவருக்கு இந்த உரிமை இல்லை. சிற்றூர்களுக்குள்தான் இந்த விதி மிகுதியாக எதிர்ப்படும். அங்கே மதில் மறைவிலிருந்து டிராக்டர் தயங்காமல் வெளியே வரும்.

இந்தியா, இலங்கை, பிரிட்டன் ஆகிய நாடுகளிலிருந்து வருவோருக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நெரிசலான சாலையில் மற்ற வாகனங்களே உங்களை வலப்பக்கம் வைத்திருக்கும். காலியான சாலையில் நினைவூட்ட யாருமில்லை. மரத்தடியில் இளைப்பாறிவிட்டுக் கிளம்பும் அந்தக் கணத்தில் கை தானாக இடப்பக்கம் திருப்பிவிடும். இருபது நிமிடம் தவறான பக்கத்தில் ஓட்டிய பிறகே உணர்ந்தவர்களை நான் அறிவேன்.

சாதா சைக்கிள் போதுமா? பந்தய சைக்கிள் வேண்டுமா?

பந்தயச் சைக்கிள் தேவையில்லை. 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயரும், ஏற்றத்தில் உட்கார்ந்தபடியே மிதிக்கக்கூடிய சிறிய கியரும் தேவை. கோடையில் மாவட்டச் சாலைகளைப் புதுப்பிக்கும்போது தாரின் மேல் சரளைக்கல்லைத் தூவி, வாகனங்கள் அழுத்தட்டும் என்று விட்டுவிடுவார்கள். 'க்ராவியோன்' என்ற பலகையைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, வளைவில் முன் பிரேக்கைத் தொடாமல் செல்லுங்கள். மெல்லிய டயர் அங்கேதான் வழுக்கும்.

கியர் விஷயத்தில் வெட்கப்பட வேண்டாம். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய செந்த்-எத்தியேன் நகரத்துப் போல் த விவி (1853–1930), சுற்றுலா ஓட்டுநருக்கு மாற்றுக் கியர் வேண்டும் என்று அதை ஏளனம் செய்தோரிடம் பல ஆண்டுகள் வாதாடினார். தூர் த பிரான்ஸ் பந்தயம் கியர் மாற்றியை 1937இல்தான் அனுமதித்தது. ஊர்ப்புறச் சாலைகளில் ஓட்டுபவர்கள் அந்த வகையில் பந்தயக்காரர்களுக்கு முன்னே சென்றவர்கள்.

வழியில் தண்ணீரும் சாப்பாடும் கிடைக்குமா?

தண்ணீர் கிடைக்கும், இடம் தெரிந்தால். ஊர்தோறும் கல்லறைத் தோட்டம் இருக்கும். பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். 'ஓ நோன் பொத்தாபிள்' என்று எழுதியிருந்தால் குடிக்கக்கூடாத நீர். கோஸ் மெழான் போன்ற சுண்ணாம்புக்கல் நிலத்தில் மழைநீர் உடனே உள்ளே இறங்கிவிடுவதால் ஓடையே இருக்காது. அதன் அடிவாரத்து ஊரான ஃப்ளோராக்கிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏறுவதற்கு முன் இரண்டு புட்டிகளையும் நிரப்புங்கள்.

சாப்பாட்டை முன்கூட்டித் திட்டமிட வேண்டும். சாலையைக் காலியாக்கிய அதே காரணம் கடையையும் மூடிவிட்டது. இருக்கும் கடைகளும் நண்பகலில் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ மூடியிருக்கும். ஞாயிறு பிற்பகலில் திறக்காது. பேக்கரிகள் பலவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. காலையில் கண்ணில் படும் முதல் பேக்கரியிலேயே நண்பகலுக்கும் சேர்த்து ரொட்டி வாங்குங்கள். கடைக்குள் நுழையும்போது 'போன்ழூர்' என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குவது அங்கே அடிப்படை மரியாதை.

நான் சைவம். என்ன செய்வது?

சமாளிக்கலாம். ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி, பழம் என்று கையில் கட்டிச் செல்வது எளிது. க்ரூஸில் பேக்கரிகளில் உருளைக்கிழங்கை மாவுக்குள் பொதிந்து சுட்ட பணியாரமும், கொட்டைமாவில் செய்த க்ரூஸ் கேக்கும் கிடைக்கும். கேக்கில் முட்டை உண்டு, உருளைக்கிழங்குப் பணியாரத்தில் சில கடைகளில் இறைச்சி சேர்ப்பதும் உண்டு, கேட்டு வாங்குங்கள். உணவகத்தில் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. 'லார்தோன்' எனப்படும் பன்றி இறைச்சித் துணுக்குகள் சாலடிலும் பருப்பிலும் வந்துவிடும். மீன், லார்தோன் இரண்டையும் பெயர் சொல்லி விலக்குங்கள். தங்குமிடத்துக்கு முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டால் மனமுவந்து செய்து தருவார்கள்.

சைக்கிளை ரயிலில் ஏற்ற விடுவார்களா?

தெர் எனப்படும் பிராந்திய ரயில்களில் பெரும்பாலும் இலவசம். கோடையில் சில பிராந்தியங்கள் முன்பதிவு கேட்கும். நெடுந்தூர 'எந்தர்சித்தே' ரயில்களில் கட்டணத்துடன் முன்பதிவு தேவை. தெழெவே அதிவேக ரயிலில் இடம் கிடைக்கவில்லையென்றால், சக்கரங்களைக் கழற்றி 130 × 90 சென்டிமீட்டருக்கு மிகாத பையில் போட்டு எடுத்துச் செல்லலாம்.

ஆளில்லாத ரோட்டில் தனியாக விழுந்துவிட்டால் யார் வருவார்கள்?

இதுதான் நியாயமான அச்சம். 112 என்ற எண் எந்த நிறுவனத்தின் சிக்னல் இருந்தாலும் வேலை செய்யும்; சிக்னலே இல்லாத பள்ளத்தாக்கில் அதுவும் பயன்படாது. ஆகவே எந்த வழியாக, எத்தனை மணிக்குள் சேர்வீர்கள் என்பதைத் தங்குமிடத்தாரிடமும் வீட்டாரிடமும் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்பதைச் சொல்ல, கடைசியாகக் கடந்த ஊரின் பெயரும் சாலை எண்ணும் போதும். அவை பலகைகளில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும்.

வண்டி குறைந்த ரோட்டில்தான் வேகமாக வருகிறார்கள், அதுதான் அதிக ஆபத்து என்கிறாரே என் மைத்துனர்?

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பிரான்சில் சாலை விபத்து மரணங்களில் பாதிக்கு மேல் நகரங்களுக்கு வெளியேதான் நிகழ்கின்றன. நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் 2018 ஜூலை முதல் வேக உச்சவரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். பின்னர் பல மாவட்டங்கள் தங்கள் சாலைகளில் அதை 90ஆக மீண்டும் உயர்த்தின. தினமும் யாரும் எதிரே வராத வளைவை உள்ளூர்க்காரர் வெட்டிக்கொண்டு வரும் பழக்கமும் உண்டு.

ஆனால் மேலே போட்ட கணக்கைத் திரும்பிப் பாருங்கள்: பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வரும் அபாயத்துக்கு முழுக் கவனத்தையும் கொடுக்கலாம், 23 விநாடிக்கு ஒரு முறை வருவதற்குக் கொடுக்க முடியாது. குருட்டு வளைவில் வலது ஓரம், பகலிலும் பின்விளக்கு, பளிச்சென்ற மேலாடை, இணையாக ஓட்டுவதை நேர்ச்சாலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது ஆகியவற்றைக் கடைப்பிடியுங்கள். செப்டம்பர் முதல் பிப்ரவரி இறுதிவரை வேட்டைக் காலம் என்பதால் அந்தப் பளிச்சென்ற ஆடைக்கு இன்னொரு பயனும் உண்டு. வேட்டை நடப்பதாக அறிவிக்கும் பலகையைக் கண்டால் சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள்.

'ரூத் பாரே' என்று பலகை வைத்திருந்தால் சைக்கிளாவது போகலாமா?

சாலை மூடப்பட்டுள்ளது என்பது அதன் பொருள். அது மிதிவண்டிக்கும் சேர்த்துத்தான். நடைமுறையில் வேலையாட்களைக் கேட்டால், இறங்கித் தள்ளிச் செல்லச் சிலநேரம் அனுமதிப்பார்கள். பாலமே கழற்றப்பட்டிருந்தால் கேட்டும் பயனில்லை. அப்போது மாற்றுவழிப் பலகை உங்களைப் பெரிய சாலைக்கே அனுப்பும். அந்தப் பலகை லாரிகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. காகித வரைபடத்தை விரித்து, அடுத்த வெள்ளைச் சாலையைத் தேடுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போகச் சொல்வீர்கள்?

பாரிஸ்-ஓஸ்தெர்லிஸ் நிலையத்திலிருந்து க்ரூஸ் மாவட்டத்து லா சூத்தரேனுக்கு ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். முந்தின நாள் மாலையே போய்த் தங்கிவிடுங்கள். அந்த ஊரின் அருகே செல்லும், 'என்' என்ற எழுத்தோடு 145 என எண் இடப்பட்ட தேசியச் சாலை மிதிவண்டிக்குத் தடை செய்யப்பட்ட விரைவுச் சாலை; அதற்கு முதுகைக் காட்டி வடக்கே கிளம்புங்கள். செந்த்-அஞான்-த-வெர்சியா, செந்த்-ழெர்மேன்-போப்ரே, லா ஷப்பேல்-பலூ என்று சிற்றூர் சிற்றூராகச் சென்றால், க்ரூஸ் ஆறும் செதேல் ஆறும் கூடும் பாறை முனையில் பாழடைந்த கோட்டையுடன் க்ரோசான் வரும். ஆற்றுக்கு இறங்கி மறுகரை ஏறும் அந்தத் துண்டுதான் நாளின் கடினமான பகுதி.

அங்கிருந்து ஃப்ரெஸ்லின். கவிஞர் மொரீஸ் ரொலினா அங்கே வாழ்ந்தார். ஓவியர் மோனே 1889இல் அந்த ஊரில் தங்கி இந்தப் பள்ளத்தாக்கைத் தொடர்ந்து வரைந்தார். குளிர்காலக் கருவாலி மரமாக அவர் வரையத் தொடங்கியது வசந்தத்தில் தளிர்விட்டதும், ஆளை வைத்து இலைகளைப் பறிக்கச் செய்து ஓவியத்தை முடித்தார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் செய்தி. திரும்பும்போது தன்-லெ-பலெஸ்தெல் வழியாக வாருங்கள். வழியில் உள்ள பெரிய ஊர் அது, கடைகள் உண்டு. திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.